பாடப்புத்தகச் செல்லும் கண்ணில் படும் செல்லும்

உயர்நிலைப் பள்ளி அறிவியல் புத்தகத்தில் ஒரு செல் படம் இருக்கும். நடுவில் நியூக்ளியஸ், சுற்றிலும் மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், இன்னும் என்னென்னவோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அந்தச் செல் யார் உடம்பிலும் கிடையாது. பல விதமான செல்களில் பொதுவாக இருப்பதையெல்லாம் ஒரே படத்தில் அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பார்த்துவிட்டேன்.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரத்தத்தை ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பிழைப்பு. அக்கா மகன் உயர்நிலை ஒன்றுக்குப் போனதும், "சித்தி, சயின்ஸ் மட்டும் சொல்லிக்கொடுங்க" என்று வந்து நின்றான். அவன் பின்னாலேயே அதே புளோக்கிலிருந்து கூட்டாளிகள் சிலர். இப்போது அவர்கள் உயர்நிலை மூன்றில் இருக்கிறார்கள், அவர்களுடைய தங்கை தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். டியூஷன் என்று பெயர் வைக்கவில்லை, காசும் கிடையாது. கறிபஃப் வரும், சில வாரம் முறுக்கு வரும்.

வருகிற பிள்ளைகள் எல்லாரும் படத்துக்குப் பெயர் குறிப்பதில் கெட்டிக்காரர்கள். தாவரச் செல்லில் செல் சுவர், ஒளிச்சேர்க்கை செய்கிற பச்சைப் பசுங்கணிகம், சாறு நிறைந்த பை போன்ற பெரிய நுண்குமிழி. விலங்குச் செல்லில் சுவரும் பசுங்கணிகமும் இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டியதும் எல்லாம் தடுமாறும்.

வெங்காயத்தில்தான் தொடங்க வேண்டும். வேறு எதிலும் இவ்வளவு சுலபமாக ஒரே அடுக்குச் செல் கிடைக்காது. தேக்கா மார்க்கெட்டில் வாங்கும் பெரிய வெங்காயம் போதும். நாலாக வெட்டி ஓர் இதழை எடுத்து, அதன் உட்புறம், அதாவது குழிந்த பக்கம் மேலே தெரியும்படி பிடித்து, பின்பக்கமாக மடக்கி ஒடித்தால் மெல்லிய கண்ணாடித்தாள் போன்ற ஒரு தோல் பிரிந்து வரும். விரல்நக அளவுக்கு வெட்டினால் போதும், பேராசைப்பட்டுப் பெரிதாக எடுத்தால் மடிந்துகொள்ளும். ஸ்லைடில் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன் மேல் தோல், அதன் மேல் ஒரு சொட்டு அயோடின். மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கிற போவிடோன் அயோடினே போதும், கொஞ்சம் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் தொட்டு, சாய்வாக, மெல்ல இறக்க வேண்டும். பொத்தென்று போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும்.

இந்தக் குமிழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற பிள்ளை "செல் தெரியுது!" என்று கத்தினால், பத்துக்கு ஒன்பது அது காற்றுக் குமிழிதான். கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே ஒன்றும் இருக்காது. உண்மையான வெங்காயச் செல் வட்டமாக இருக்காது. நீள்சதுரங்களாக, ஒன்றோடு ஒன்று இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பழுப்பு நிறத்தில் நியூக்ளியஸ் ஒரு புள்ளியாகத் தெரியும், பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி.

சரி, செல் தெரிந்தாயிற்று. இனிமேல்தான் கேள்விகள் வரும்.

"சித்தி, வெங்காயம் செடிதானே? பச்சை எங்கே?"

இந்தக் கேள்வி வராவிட்டால் நானே கேட்பேன். தாவரச் செல் என்றால் பசுங்கணிகம் இருக்கும் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிற இதழுக்கு ஒளிச்சேர்க்கை எதற்கு? வெளிச்சமே படாத இடத்தில் பசுங்கணிகத்துக்கு வேலை இல்லை. வேர்ச் செல்லிலும் அப்படித்தான். தாவரச் செல்லில் பசுங்கணிகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். செல் சுவர்தான் எல்லாத் தாவரச் செல்லுக்கும் பொது. தேர்வில் வேர்த்தூவிச் செல்லின் படத்தைக் கொடுத்து, அதில் எது இல்லை, ஏன் என்று கேட்டால் இந்த வெங்காயம் ஞாபகம் வந்தாலே மதிப்பெண் வந்துவிடும்.

இன்னொருவனுக்கு வேறு சந்தேகம். அயோடின் போட்டால் கருநீலம் ஆக வேண்டுமே, ஏன் ஆகவில்லை? நல்ல கேள்வி. கருநீலம் ஆவது ஸ்டார்ச் இருந்தால்தான். வெங்காயம் தன் சேமிப்பைப் பெரும்பாலும் சர்க்கரையாக வைத்துக்கொள்கிறது, அதனால்தான் வதக்கினால் இனிக்கிறது. பக்கத்திலேயே ஓர் உருளைக்கிழங்கை நறுக்கி, வெட்டிய பக்கத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டி, அந்த மாவை இன்னொரு ஸ்லைடில் வைத்து, அதே அயோடினை விட்டால் சிப்பி வடிவ மணிகள் கறுத்துப் போவதைக் காணலாம். ஒரே மருந்து, இரண்டு காய், இரண்டு விதமான பதில். பத்து நிமிடத்தில் முடிகிற இந்த வேலைக்கு ஈடாக ஒரு பயிற்சித்தாளும் கிடையாது.

அடுத்து வரைதல். இங்கேதான் நான் கொஞ்சம் கண்டிப்பு. பார்த்ததை வரை என்றால் பிள்ளைகள் படித்ததை வரைகிறார்கள். வெங்காயச் செல்லுக்கு உள்ளே சுவரை ஒட்டிச் செல் சவ்வு என்று இன்னொரு கோடு, அங்கங்கே மைட்டோகாண்ட்ரியா, சிலர் ரைபோசோம் புள்ளிகளைக்கூட வைத்துவிடுவார்கள். "இதை நீ பார்த்தியா?" என்று கேட்டால் முழிப்பார்கள். செல் சவ்வின் தடிமன் சுமார் 7 அல்லது 8 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. ரைபோசோம் 20, 30 நானோமீட்டர்தான். இவற்றைப் பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். மேசை மேல் இருக்கிற கருவியில் தெரியாததை வரைந்தால் செய்முறைத் தேர்வில் அது குறைதான். கூர்மையான பென்சில், ஒரே கோடு, நிழல் போடாமல், குறிப்புக் கோடுகளை ஒன்றை ஒன்று வெட்டாமல் அடிக்கோலால் இழுத்து, கீழே எத்தனை மடங்கு பெரிதாக்கினோம் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால் கை பழகக் கொஞ்ச நாளாகும்.

கண்ணுக்கே தெரியாத சவ்வு இருக்கிறது என்று எப்படி நம்புவது? அதற்கு ரியோ இலை.

ரியோ என்றால் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பார்த்திருப்பீர்கள். இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் அடர்ந்த ஊதா. சிங்கப்பூரில் சாலையோரம், கட்டட ஓரம் என்று எங்கும் வைத்திருப்பார்கள். அதற்காகப் பூங்காவில் போய்ப் பறித்துவிடாதீர்கள், அபராதம் கட்ட நேரும். எங்கள் தாழ்வாரத்தில் நாலு வீடு தள்ளி இருக்கும் மலாய்க்கார மக்சிக்குத் தொட்டிச் செடி என்றால் உயிர். கேட்டால் ஓர் இலை தருவார், கூடவே அரை மணி நேரக் கதையும். இலையின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், வேலை முடிந்ததும் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

இலையைச் சாய்வாகக் கிழித்தால் விளிம்பில் ஊதா நிறத்தில் மெல்லிய தோல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை நறுக்கித் தண்ணீரில் வைத்துப் பார்த்தால், அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொன்றும் முழுக்க ஊதா. நிறம் நுண்குமிழிக்குள் இருக்கும் சாற்றில்தான் கரைந்திருக்கிறது. நுண்குமிழி எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. செல் முழுவதையும் அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊதாக் கட்டங்களுக்கு நடுவே அங்கங்கே நிறமில்லாத இடங்கள் தெரியும். அங்கே இலைத்துளையின் இரண்டு பக்கமும் இரண்டு காவல் செல்கள், உள்ளே பச்சைப் பொட்டுகளோடு. ஒரே தோல்தான், பக்கத்துப் பக்கத்துச் செல்தான், ஒன்றில் பசுங்கணிகம் இருக்கிறது, மற்றதில் கண்ணில் படவில்லை. வெங்காயத்தில் சொன்ன பாடம் இங்கே இன்னொரு தடவை வருகிறது.

இப்போது உப்புத் தண்ணீர். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் உப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் டிஷ்யூவின் முனையை வைத்தால் பழைய தண்ணீரை டிஷ்யூ இழுத்துக்கொள்ளும், உப்புத் தண்ணீர் உள்ளே போகும். யாராவது ஒருவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஊதா, கட்டத்தின் மூலைகளிலிருந்து விலக ஆரம்பிக்கும். கட்டம் அப்படியே நிற்கும், உள்ளே இருக்கிற ஊதா மட்டும் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு திட்டாக வந்து நிற்கும். அதுவரை சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் தெரியாமல் இருந்த சவ்வின் எல்லை, இப்போது விலகி வந்ததால் தெரிகிறது. தாமதிக்காமல் மறுபடி நல்ல தண்ணீரை விட்டால், திட்டு விரிந்து திரும்பவும் கட்டத்தை நிரப்பும். அடங்காத பிள்ளைகள்கூட இந்த இடத்தில் "என்கிட்ட விடு, என்கிட்ட விடு" என்று முட்டிக்கொள்வார்கள். கைப்பேசியைக் கண்ணருகு லென்சில் வைத்துப் படம் பிடித்துவிட்டால் சண்டை கொஞ்சம் குறையும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது? காற்று என்பான் ஒருவன். ஒன்றுமில்லை என்பாள் ஒருத்தி. செல்லிலிருந்து வெளியே வந்த தண்ணீர் மட்டும் என்பார்கள். பதில், உப்புக் கரைசல். செல் சுவர் தண்ணீரையும் உப்பையும் தடுக்காது, இரண்டும் தாராளமாகப் புகுந்து வரும். சவ்வுதான் தண்ணீரைப் போகவிட்டு, கரைந்த பொருளை நிறுத்திப் பார்ப்பது. இந்த ஒரு கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்லிவிட்டால், சவ்வும் சுவரும் ஒன்றா வேறா என்ற குழப்பம் அந்தப் பிள்ளைக்கு இனி வராது.

இப்படிச் சவ்வின் வழியே தண்ணீர் நகர்வதுதான் சவ்வூடு பரவல். அதற்கு விளக்கம் எழுதும்போது மூன்று விஷயம் விடுபடக் கூடாது என்று அடித்துச் சொல்வேன். நகர்வது தண்ணீர் மூலக்கூறுகள். நீர் ஆற்றல் கூடுதலான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு, அதாவது இங்கே உப்பு குறைவான பக்கத்திலிருந்து கூடுதலான பக்கத்துக்கு, மொத்தக் கணக்கில். நடுவில் ஒரு பகுதி ஊடுருவும் சவ்வு. பாதிப் பிள்ளைகள் சவ்வை மறந்துவிடுவார்கள், மீதிப் பேர் "உப்பு செல்லுக்குள்ளே போகுது" என்று எழுதுவார்கள். மாங்காய் ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே மறுநாள் ஜாடியில் நீர் நிற்கும். எங்கள் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். "இதுக்கெல்லாமா பரீட்சை வைக்கிறாங்க?" என்றார் அம்மா.

விலங்குச் செல் பக்கம் வந்தால் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி. வேலையிடத்திலிருந்து எந்த ஸ்லைடையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, ஆகவே படங்களை வைத்துத்தான் பேச்சு. சிவப்பணுவை நல்ல தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும், காப்பாற்றச் சுவர் இல்லை. உப்பு அதிகமானால் சுருங்கிச் சுருக்கம் விழும். அதனால்தான் மருத்துவமனையில் ஏற்றுகிற சலைனில் 0.9 சதவீத உப்பு, லிட்டருக்கு 9 கிராம். தாவரச் செல்லுக்கு எழுதுகிற "விறைப்பு" என்ற விவரத்தை இரத்த அணுவுக்கு எழுதினால் மதிப்பெண் போய்விடும், சுவர் இல்லாத செல் எதைத் தாங்கிக்கொண்டு விறைப்பாக நிற்கும்?

சிவப்பணு இன்னொரு விதத்திலும் பாடப்புத்தகப் படத்தைக் கவிழ்க்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் நியூக்ளியஸ் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஓட்டை போட மறந்த மெதுவடை போல இருபுறமும் குழிந்த ஒரு தட்டு, உள்ளே முழுக்க ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும் ஹீமோகுளோபின். "அப்போ அது செல்லே இல்லையா?" என்று கேட்டாள் ஒரு பெண். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது நியூக்ளியஸ் இருந்தது, இரத்தத்தில் இறங்குவதற்கு முன் அதை வெளியே தள்ளிவிட்டது. இடம் மிச்சம், இன்னும் கூடுதல் ஹீமோகுளோபின். தன்னைவிடக் குறுகலான நுண்குழாயிலும் வளைந்து நெளிந்து போய்விடும். ஆனால் உடைந்ததைப் பழுது பார்க்கவும் முடியாது, பிரிந்து இரண்டாகவும் முடியாது. சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்துபோகும். அந்த இழப்பை ஈடுகட்ட நம் மஜ்ஜை விநாடிக்கு ஏறக்குறைய 2 மில்லியன் புதிய அணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், தான் சுமந்து போகிற ஆக்ஸிஜனைத் தன் சக்திக்கு அது செலவு செய்வதுமில்லை. சுமக்கிறது, கொடுக்கிறது.

ஒரு செல்லின் அமைப்புக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று வரும் கேள்விகளுக்கு எல்லாம் இதே தடம்தான். என்ன வேலை, அதற்கு எது வேண்டும், எது வேண்டாம். தசைச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா நிறைய இருக்கும், சக்தி வேண்டும். சைலம் குழாய் செத்துப்போன, உள்ளீடற்ற செல்களின் வரிசை, தண்ணீர் தடையில்லாமல் ஏற வேண்டும். வேர்த்தூவியைப் பார்க்கக் கடுகு போதும். ஈர டிஷ்யூவில் தூவி மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி படரும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று யாராவது எடுத்துக் குப்பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் ஒரு தடவை போய்விட்டது.

வரலாற்றுப் பகுதியைத் தேர்வில் அதிகம் கேட்பதில்லை, ஆனாலும் நான் சொல்வேன். 1665ல் இராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் பார்த்தது வெறும் சுவர்களை, உள்ளே உயிர் இல்லாத காலிக் கட்டங்களை. செல் என்று பெயர் வைத்தது அவற்றுக்குத்தான். நியூக்ளியஸுக்குப் பெயர் கிடைக்க 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இராபர்ட் பிரௌன் அதைக் கவனித்தது ஆர்க்கிட் செடிகளின் தோலில். நம் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம் அதே ஆர்க்கிட் குடும்பம் என்று சொன்னால் பிள்ளைகள் ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

கணக்குப் போடுகிற இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், அதுவும் அளவு மாற்றுவதில். ஒரு மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரோமீட்டர். இதை எழுதி ஒட்டி வைத்தாலும் மறப்பார்கள், அளந்தால் மறக்கமாட்டார்கள். குறைந்த லென்சில், அதாவது மொத்தம் 40 மடங்கில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அடிக்கோலை ஸ்லைடு வைக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் மைக்ராஸ்கோப்பில் நாலரை மில்லிமீட்டர் தெரிகிறது. 100 மடங்குக்கு மாற்றினால் அதில் இரண்டரையில் ஒரு பங்கு, 1.8 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் வெங்காயச் செல் நீளவாக்கில் ஆறு அடங்கினால், ஒரு செல்லின் நீளம் 0.3 மில்லிமீட்டர், 300 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் அகலம் ஏழரை மைக்ரோமீட்டர் என்று வைத்தால், ஒரு வெங்காயச் செல்லின் நீளத்துக்கு 40 சிவப்பணுக்களை வரிசையாக அடுக்கலாம். "செல் எல்லாம் ஒரே சைஸ்னு நினைச்சேன்" என்று அக்கா மகன் சொன்னது இந்தக் கணக்கு முடிந்தபோதுதான். புத்தகத்தில் எல்லாமே ஒரே அகலப் பெட்டிக்குள் இருந்தால் வேறு எப்படி நினைப்பான்?

ஜி2, ஜி3 என்று பாட நிலைகள் மாறியிருக்கின்றன, ஓ நிலை என்று நாம் சொல்லிப் பழகிய சான்றிதழும் 2027லிருந்து வேறு பெயரில் வருகிறது. பெற்றோருக்கு இதில் பதற்றம் இருக்கிறது, நியாயம்தான். செல் பாடத்தைப் பொறுத்தவரை என்னிடம் கேட்கிறவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றுதான், மைக்ராஸ்கோப் வாங்கலாமா?

வாங்கலாம், அவசரம் இல்லை. பள்ளியில் இருப்பதைப் பிள்ளை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். வாங்குவதானால் பெட்டியில் 1200 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருக்கும் பொம்மைக் கருவிகளை விட்டுவிடுங்கள். பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது. 40, 100, 400 மடங்கு உள்ள, கண்ணாடி லென்ஸ் போட்ட, பழையதானாலும் உலோக உடம்புள்ள கருவி நல்லது. பழைய பொருள் விற்கிற கரோசல் இணையத்தளத்தில் பள்ளி முடித்த பிள்ளைகள் விற்பார்கள். வாங்குவதற்கு முன் ஒரு வெங்காயத் தோலோடு போய், 400 மடங்கில் நியூக்ளியஸின் விளிம்பு கூர்மையாக வருகிறதா என்று பாருங்கள். 400 மடங்கு லென்சுக்கு மாற்றிய பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள், சின்னத் திருகு மட்டும். இல்லாவிட்டால் லென்ஸ் இறங்கி ஸ்லைடை நொறுக்கும். கவர் ஸ்லிப்புகளைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வையுங்கள், உடைந்ததைப் போட மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலையும்.